முழங்கால் ஆழ ஆற்றில் ஒரு நாள்

நான் முதன்முதலில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகிலிருந்து தண்ணீரில் விழுந்த இடத்தில் ஆழம் என் முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான். இதற்குப் போய்ப் பயப்படுவதா என்று எழுந்து நின்றேன். நின்ற வேகத்தில் மறுபடி விழுந்தேன். முட்டியில் இன்றும் இருக்கிற தழும்பு அந்த இரண்டாவது விழுகையின் உபயம். கரையில் உட்கார வைத்துக் கட்டுப்போட்ட நண்பருக்கு எங்கள் கூட்டத்தில் வாத்தியார் என்று பெயர். அவர் சொன்னார்: "ஆழம் தெரியாம காலை விடாதேன்னுதான் பெரியவங்க சொன்னாங்க. ஆழம் தெரிஞ்சும் விடாதேன்னு உனக்குத் தனியா சொல்லணும் போல."

அதற்குப் பிறகு நாங்கள் ஆறு பேரும் பல தடவை போய்விட்டோம். எங்களில் யாரும் வீரர்கள் கிடையாது. ஒருத்திக்கு நீச்சலே தெரியாது. நெட்டையன் ஒருவன் இருக்கிறான், எப்போதும் முதலில் போவான், எப்போதும் முதலில் மாட்டுவான். நான் கூட்டத்திலேயே எடை அதிகமானவள். ஆழமில்லாத ஆற்றில் இது எவ்வளவு முக்கியமான தகவல் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

இது எங்களைப் போன்ற ஆட்களுக்காக எழுதுவது: நண்பர்கள் நாலைந்து பேர், ஒரு பகல் பொழுது, பெரிய அருவிகளோ சீறும் பாய்ச்சலோ இல்லாத, கூழாங்கல்லும் மணலுமாக ஓடுகிற ஆறு. ஏரியில் கயாக் விடுகிறவர் நினைத்த பக்கம் திரும்பலாம். இங்கே அப்படி முடியாது. ஆறு எங்கே தண்ணீரை வைத்திருக்கிறதோ அங்கேதான் போக முடியும். ஆறு போவதே போக்கு என்கிற பழமொழி இவ்வளவு நேரடியாகப் பலிக்கிற இடம் வேறு கிடையாது. அதனால் கைக்கு வேலை பாதி, கண்ணுக்கு வேலை இரண்டு மடங்கு.

முதலில், தண்ணீர் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். போன முறை இடுப்பளவு ஓடிய அதே ஆறு இந்த முறை கணுக்கால் அளவில் இருக்கும். பல ஆறுகளுக்கு நீர்மட்டமும் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் அல்லது எத்தனை கன அடி ஓடுகிறது என்கிற அளவும் இணையத்தில் கிடைக்கும். ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35 கன அடி. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாது. அகலமான ஆற்றில் அது பரந்து கணுக்கால் நனைக்கும், குறுகலான ஆற்றில் அதே அளவு மார்பைத் தொடும். ஒவ்வொரு முறை போகும்போதும் அன்றைய எண்ணையும், எத்தனை இடத்தில் தரை தட்டியது என்பதையும் நான் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். நாலு முறை குறித்த பிறகு அந்த எண் பேச ஆரம்பித்துவிடும்.

எண் கிடைக்காத ஆறு என்றால் முந்தின நாள் நேரில் போய், அந்த வழியிலேயே மிக ஆழமற்ற இடம் என்று ஊகிக்கிற ஓர் இடத்தில் இறங்கிப் பாருங்கள். பாலத்துக்கடியிலோ படித்துறையிலோ பார்ப்பது ஏமாற்றும், அங்கே எப்போதும் ஆழம் இருக்கும். ஆள் ஏறிய சாதாரண கயாக் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை தண்ணீருக்குள் அமிழும். அதற்கு மேல் துடுப்பு மூழ்கவும் இடம் வேண்டும். ஒரு சாண் தண்ணீராவது தொடர்ச்சியாக ஓடினால் போகலாம். அதற்கும் குறைவென்றால் அது படகுப் பயணம் ஆகாது, படகைத் தூக்கிக்கொண்டு நடைப்பயணம்.

மேலே அணை இருந்தால் திறப்பு நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்கவே கூடாது. அதேபோல உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலைப்பக்கம் மழை கொட்டியிருக்கலாம். தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கல் ஆவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, சற்றுமுன் வெளியே தெரிந்த கல் மறைவது, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் கரையேறி உயரமான இடத்துக்குப் போங்கள். விவாதம் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் படகு, எவ்வளவு பாரம்

கூழாங்கல் ஆற்றுக்கு பாலிஎத்திலீன் படகுதான். கல்லில் உரசினால் கீறல் விழும், அவ்வளவுதான். ஃபைபர் படகு பார்க்க அழகு, வேகமும் அதிகம், ஆனால் ஒவ்வொரு உரசலும் உங்கள் நெஞ்சில் உரசும். நீளம் 3 மீட்டர் போதும். கடலுக்கான 5 மீட்டர் படகு நேராக ஓடுவதற்காகச் செய்தது, ஆற்று வளைவில் திரும்புவதற்குள் எதிர்க்கரையில் முட்டி நிற்கும். சுக்கானோ அடித்தகடோ இருந்தால் கழற்றிவிடுங்கள் அல்லது தூக்கிக் கட்டுங்கள். நெட்டையன் ஒருமுறை காற்றடைத்த படகில் அடித்தகட்டோடு வந்தான். முதல் திட்டிலேயே அது பிய்ந்துபோனது. நல்லவேளை, தகடு மட்டும்தான்.

இப்போது எடை விஷயம். 3 மீட்டர் படகு தண்ணீரைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 15 கிலோ கூடினால் படகு 1 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அதே கணக்கு. எங்கள் கூட்டத்தில் மிக ஒல்லியானவளைவிட நான் 30 கிலோ அதிகம். ஆக அவளைவிட 2 சென்டிமீட்டர் ஆழமாகப் போகிறேன். இரண்டு சென்டிமீட்டர் ஒரு விஷயமா என்று நாங்களும் நினைத்தோம். அவள் வழுக்கிக்கொண்டு போன திட்டுகளில் எல்லாம் நான் 'கிர்ர்ர்' என்ற சத்தத்தோடு நின்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஏற்பாடு இது: பொதுச் சாமான் முழுவதும் ஒல்லியானவர்களின் படகில். என் படகில் நானும் என் தண்ணீர்ப் பாட்டிலும் மட்டும். சாமானையும் பின்பக்கம் குவிக்கக் கூடாது, பின்பக்கம் அமிழ்ந்தால் முன்பக்கம் தாண்டிய கல்லில் பின்பக்கம் மாட்டும். இருக்கைக்கு முன்னும் பின்னும் சமமாகப் பிரித்து, நீர் புகாத பைகளில் கட்டி, படகோடு பிணைத்துவிடுங்கள். நடுவில் கசிந்து தேங்குகிற தண்ணீரும் பாரம்தான். பெரிய ஸ்பாஞ்ச் ஒன்று கால்மாட்டில் கிடக்கட்டும்.

துடுப்பு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. உண்மையில் இருக்கவே கூடாது, ஏனென்றால் அதைக் கொண்டு நீங்கள் கல்லைக் குத்தப் போகிறீர்கள். சாதாரண உயரமுள்ளவருக்கு 220 முதல் 240 சென்டிமீட்டர் நீளம் சரி. ஆறு பேருக்கு உபரியாக ஒன்று, இரண்டாகக் கழற்றக்கூடியது, ஏதாவது ஒரு படகில் கிடக்க வேண்டும்.

உடம்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை வளர்க்க மாட்டேன். உயிர்காப்பு ஜாக்கெட் எல்லோருக்கும், கொக்கிகள் மாட்டிய நிலையில், நீச்சல் தெரிந்தாலும். பாறை உள்ள ஆறு என்றால் ஹெல்மெட். கால்விரல் மூடிய, குதிகாலைப் பிடித்துக்கொள்கிற ஷூ. ரப்பர் செருப்பு முதல் சேற்றிலேயே உங்களைக் கைவிட்டுவிடும். பருத்தி ஜீன்ஸ் நனைந்தால் காயாது, கனக்கும், குளிரும். வெயில் எப்படி இருந்தாலும் தண்ணீரின் குளிர்ச்சிக்கு ஏற்ற உடை போடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் நாடா கட்டாமல் வந்தால் திரும்பும்போது கண்ணாடி இருக்காது.

சாவி எங்கே?

ஆறு ஒரு பக்கம்தான் ஓடும். அதனால் முடிக்கிற இடத்தில் ஒரு வண்டி, தொடங்குகிற இடத்தில் ஒரு வண்டி. காலையில் எல்லோரும் தொடங்கும் இடத்தில் படகுகளை இறக்குவது, இரண்டு பேர் காவலுக்கு நிற்பது, மற்ற ஓட்டுநர்கள் இரண்டு வண்டியிலும் முடிக்கும் இடத்துக்குப் போய் ஒன்றை விட்டுவிட்டு மற்றதில் திரும்புவது. எளிமையான ஏற்பாடுதான். இதில்தான் நாங்கள் பத்துக் கிலோமீட்டர் துடுப்புப் போட்டு, நனைந்து, பசியோடு கரையேறி, கண்ணெதிரே நிற்கும் காரைப் பார்த்துக்கொண்டு, அதன் சாவி காலையில் புறப்பட்ட இடத்து வண்டியின் முன்பெட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். யார் வைத்தது என்று இங்கே சொல்லவில்லை. அவள் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது இரண்டு வண்டிச் சாவியும் ஒரே சின்ன நீர்புகாப் பையில், அந்தப் பை வாத்தியாரின் ஜாக்கெட் பைக்குள், ஜிப் போட்டு. படகில் வைப்பதில்லை. படகு கவிழும், வாத்தியார் கவிழ்ந்தாலும் ஜாக்கெட் அவரோடு இருக்கும்.

முடிக்கும் இடத்தைக் காலையிலேயே ஆற்றுப் பக்கமிருந்து பார்த்து வையுங்கள். சாலையிலிருந்து நன்றாகத் தெரியும் இடம் தண்ணீரிலிருந்து பார்த்தால் வெறும் புதராகத் தெரியும். ஒரு கிளையில் பளிச்சென்ற துணி கட்டிவிட்டு வருவோம், மாலையில் அவிழ்த்துக்கொள்வோம்.

எவ்வளவு தூரம்? தண்ணீர் நன்றாக ஓடினால் மணிக்கு 4 கிலோமீட்டர் சும்மா போகலாம். ஆழம் குறைந்தால் அது பாதியாகும். இறங்கித் தள்ளுவதால் மட்டும் இல்லை. தரைக்கும் படகுக்கும் இடையே தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும்போது படகின் பின்பக்கம் லேசாக அமிழ்ந்து, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும். என்ன அழுத்தித் துடுப்புப் போட்டாலும் வேகம் வராது. இன்னும் அழுத்தினால் கை வலிக்கும், அவ்வளவுதான். அந்த இடங்களில் மெதுவாகப் போவதே சிக்கனம். முதல் முறை போகிற கூட்டத்துக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். காலை எட்டு மணிக்கு முதல் படகு தண்ணீரில் இருந்தால், சாப்பாடு, குளியல், அரட்டை எல்லாம் போக மூன்று மணிக்குள் கரையேறலாம்.

ஆற்றைப் படிப்பது

படகில் ஏறுவதற்கு முன் ஒரு சின்ன விஷயம். கரையில் படகை வைத்து உட்கார்ந்துகொண்டு தவளை மாதிரி உந்தி இறங்காதீர்கள். கணுக்கால் தண்ணீரில் படகை மிதக்கவிட்டு, இருபுறமும் கால் வைத்து நின்று, முதலில் உட்காருங்கள், பிறகு கால்களை உள்ளே எடுங்கள். கால் முதலில், உட்காருவது பிறகு என்று செய்தவர்களை நாங்கள் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

இனி கண்ணுக்கு வேலை. நான் பார்க்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் நுரை. ஆற்றில் எப்போதும் கொஞ்சம் நுரையும் இலையும் மிதந்து போகும். அவை போகிற கோடுதான் நீரோட்டத்தின் முதுகெலும்பு. ஆறு இரண்டாகப் பிரிந்து ஒரு திட்டைச் சுற்றிப் போகிறதா, எந்தக் கிளையில் போவது என்று நிமிர்ந்து யோசிக்காதீர்கள், நுரை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குனிந்து பாருங்கள். அகலமாகத் தெரிகிற கிளை பல சமயம் பரந்து கிடக்கிற கணுக்கால் தண்ணீர். ஒடுங்கித் தெரிகிற கிளையில் ஆழம் இருக்கும். ஆனால் அந்த ஒடுங்கிய கிளையின் மறுமுனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். விழுந்த மரம் குறுக்கே கிடக்கிறதா என்று தெரியாத சந்துக்குள் நுழையக் கூடாது, தெரியவில்லை என்றால் கரையேறி நடந்து போய்ப் பாருங்கள்.

அடுத்தது நீரின் மேல்தோல். ஆழமற்ற இடத்தில் தண்ணீர் சின்னச் சின்னச் சுருக்கமாக மினுமினுக்கும், சலசல என்று பேசும். நடுவே ஒரு பட்டை மட்டும் வழவழப்பாக, இருண்டு, பேசாமல் போகும். அங்கேதான் ஆழம். பாறைகளுக்கு இடையே அந்த வழவழப்பு ஒரு கூர்முனையாகக் குறுகி, கூர் உங்களைவிட்டு விலகிக் கீழ்நோக்கிப் போனால் அது வாசல், நடுவில் புகுந்துவிடுங்கள். கூர் உங்களை நோக்கி, மேல்நோக்கி இருந்தால் அந்த முனையில் தண்ணீருக்கடியில் ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனாலும் பாதி உரசல் மிச்சம்.

நிறமும் சொல்லும். தெளிந்த ஆற்றில் தேன் நிறமோ மணல் நிறமோ தெரிந்தால் தரை பக்கத்தில் இருக்கிறது. பச்சை அல்லது கருமை கசத்தைக் காட்டும். சூரியன் எதிரே இருந்தால் இந்த வித்தை பலிக்காது, தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடாகிவிடும். உங்கள் ஆறு மேற்கே ஓடுகிறதென்றால் பிற்பகல் முழுவதும் முகத்தில் வெயில் அடிக்கும், அதனால் சிக்கலான பகுதியைக் காலையிலேயே தாண்டிவிடுகிற மாதிரி புறப்படுங்கள். போலரைஸ்டு கண்ணாடி பளபளப்பை வெட்டும். நான் பணம் செலவழித்து வருத்தப்படாத ஒரே சாமான் அது.

வளைவுகள். ஆறு வளையும்போது வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடி அரித்துப் பள்ளமாக்கும், உட்பக்கம் மெதுவாகி மணலைப் போட்டுத் திட்டாக்கும். எனவே ஆழம் வேண்டுமானால் வெளிவளைவு. ஆனால் அரிப்பு உள்ள இடத்தில்தான் மரங்களும் வேரோடு சாயும். கிளைகளுக்கு ஊடாகத் தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. வடிகட்டியில் தேயிலைத் தூள் ஒட்டிக்கொள்வது போல் ஆளும் படகும் அங்கே ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் அழுத்திக்கொண்டே இருக்கும். ஆழமில்லாத ஆற்றிலும் இது உயிரை வாங்குகிற சமாசாரம். எனவே வளைவுக்குள் உட்பக்கமாக நுழைந்து, மறுமுனை கண்ணில் பட்ட பிறகு வெளிப்பக்கம் நகருங்கள். கொஞ்சம் உரசினால் உரசட்டும்.

எப்போதாவது யோசிக்க நேரம் வேண்டுமென்றால் துடுப்பைப் பின்பக்கமாகப் போட்டு வேகத்தைக் குறையுங்கள். பெரிய பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி மேல்நோக்கிச் சுழலும் அமைதியான இடம் இருக்கும், எடி என்பார்கள். அங்கே ஒதுங்கி நின்று முன்னால் பார்க்கலாம். கூட்டம் சேரவும் அதுவே சந்திப்பு இடம்.

துடுப்பு வீச்சு இங்கே வேறு மாதிரி. அலகை முழுதும் செங்குத்தாக இறக்கினால் கல்லில் மோதி மணிக்கட்டு அதிரும். தண்டைத் தாழ்வாகப் பிடித்து, அலகின் பாதி மட்டும் நனையும்படி, சின்னச் சின்ன வீச்சாகப் போடுங்கள். தோளால் மட்டும் இழுக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுங்கள், மறுநாள் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

கூட்டமாகப் போவது

நண்பர்கள் என்றால் ஒட்டிக்கொண்டுதான் போகத் தோன்றும். பேச்சு அப்படி. அமைதியான கசத்தில் ஒட்டிக்கொண்டு போங்கள், தாராளமாக. சலசலப்பு கேட்கத் தொடங்கியதும் பிரிந்துவிட வேண்டும். ஒருவர் போய் முடித்து, கீழே நின்று கை காட்டிய பிறகு அடுத்தவர். எங்கள் மூன்று படகு ஒரே திட்டில் குவிந்த கதை இந்த விதியை மீறியதால் வந்தது: நெட்டையன் தரைதட்டி நின்றான், அவன் முதுகில் நான் போய் மோதி குறுக்கே திரும்பினேன், என் விலாவில் வாத்தியார் வந்து இடித்தார். யாருக்கும் அடியில்லை. சிரித்து முடிக்கப் பத்து நிமிடம், பிரித்தெடுக்க இருபது நிமிடம்.

முதல் படகில் ஆற்றைப் படிக்கத் தெரிந்தவர், கடைசிப் படகில் பொறுமைசாலி. கடைசி ஆளை யாரும் பின்தங்கவிடக் கூடாது, முதல் ஆளை யாரும் முந்தக் கூடாது. புதியவர்கள் நடுவில். திரும்பிப் பார்த்தால் பின்னால் வருபவர் கண்ணில் பட வேண்டும், படவில்லையென்றால் நில்லுங்கள்.

தண்ணீர்ச் சத்தத்தில் கத்தினால் கேட்காது. துடுப்பைச் செங்குத்தாக உயர்த்திப் பிடித்தால் 'வரலாம்'. தலைக்கு மேல் கிடையாகப் பிடித்தால் 'நில்'. விசில் ஒரு முறை 'இங்கே பார்', மூன்று முறை 'ஆபத்து, உதவி'. இன்னொன்று, இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: போக வேண்டிய பக்கத்தை மட்டுமே கையால் காட்ட வேண்டும், கல்லைக் காட்டவே கூடாது. 'அங்கே பாறை இருக்கு' என்று நல்ல மனதோடு நான் கைநீட்டிய பாறையின் மேல் நீச்சல் தெரியாத என் தோழி நேராகக் கொண்டுபோய்ப் படகை ஏற்றினாள். "நீதானே அங்க போகச் சொன்ன?" என்று கேட்டபோது பதில் இல்லை.

கிர்ர்ர்...

தரைதட்டுவது உறுதி. அவமானமும் இல்லை. செய்யக்கூடாதது துடுப்பைத் தரையில் ஊன்றி முழுபலத்தோடு நெம்புவது. தண்டு முறியும், அல்லது துடுப்பு கல்லிடுக்கில் செருகிக்கொண்டு நீங்கள் மட்டும் முன்னே போவீர்கள்.

பெரும்பாலும் இடிப்பது இருக்கைக்கு நேர் கீழே, பாரம் அங்கேதானே. முதலில் உடம்பை முன்னால் சாய்த்து, பிறகு பின்னால் சாய்த்து, இடுப்பை இடம் வலம் அசைத்துப் பாருங்கள். ஓட்டம் உங்களை அங்குலம் அங்குலமாக நகர்த்தும். போதவில்லையென்றால் இரண்டு கையையும் இருபுறமும் தரையில் ஊன்றி உடம்பை லேசாகத் தூக்குங்கள். பாரம் குறைந்த நொடியில் படகு வழுக்கும். விரல்களை மடக்கி முஷ்டியால் ஊன்றுங்கள், கல்லிடுக்கில் விரல் போகக் கூடாது.

அதற்கும் அசையவில்லையா, இறங்குங்கள். ஓட்டம் மெதுவாக, தண்ணீர் முழங்காலுக்கு நன்றாகக் கீழே இருந்தால் மட்டும். நீங்கள் இறங்கியதும் படகு பூனைக்குட்டி போல மிதக்கும். பின்நுனிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடு ஓட்டிப் போவது போல நடங்கள்: படகு முன்னே, நீங்கள் பின்னே. படகுக்குக் கீழ்ப்புறம், அதாவது தண்ணீர் போகிற பக்கம், ஒருபோதும் நிற்காதீர்கள். படகுக்குள் 200 லிட்டர் தண்ணீர் புகுந்தால் 200 கிலோ. அது உங்களைப் பாறையோடு சேர்த்து அழுத்தினால் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்தாலும் எடுக்கத் திணறுவார்கள். கயிற்றைக் கையில் பிடியுங்கள், மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றாதீர்கள்.

படகு குறுக்கே திரும்பிப் பாறையில் அணையும்போது உடம்பு தானாகவே பாறையைவிட்டு விலகிச் சாயும். அது தவறு. அப்படிச் சாய்ந்தால் தண்ணீர் வருகிற பக்கத்து விளிம்பு நீருக்குள் போகும், படகு நிரம்பும், கவிழும். பாறையின் பக்கமே சாயுங்கள், கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள். சொல்வது எளிது. நாங்கள் ஆழமற்ற, அமைதியான ஓரிடத்தில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவராக வேண்டுமென்றே போய் மோதி, கட்டிப்பிடித்துப் பழகினோம். பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அதுதான் பிறகு உதவியது.

விழுந்தால்

என் தழும்புக்குத் திரும்பி வருகிறேன். ஓடும் தண்ணீரில் நிற்க முயலும்போது கால் இரண்டு கல்லுக்கிடையே செருகிக்கொள்ளும், மேல் உடம்பைத் தண்ணீர் முன்னால் தள்ளும். முழங்கால் ஆழத்திலும் தலை நீருக்குள் போய்விடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் மேல் கொடுக்கும் அழுத்தம் நாலு மடங்காகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எனக்குக் கால் சட்டென்று விடுபட்டது, அதிர்ஷ்டம்.

செய்ய வேண்டியது மல்லாந்து படுப்பது. கால்கள் தண்ணீர் போகிற பக்கம் நீட்டி, பாதங்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் தெரியும்படி, வரும் கல்லைப் பாதத்தால் உதைத்துத் தள்ளும்படி. பின்புறம் தேயும், தேயட்டும். கைகளால் துழாவிக் கரைப்பக்கம் நகர்ந்து, கை தரையைத் தொடும் அளவுக்கு வந்த பிறகு எழுந்திருங்கள். துடுப்பைப் பிடித்திருக்க முடிந்தால் பிடியுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். படகையும் துடுப்பையும் கீழே இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். முதலில் ஆள், பிறகுதான் சாமான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. விழுந்த மரக்கிளைகளை நோக்கி இழுத்துப் போகப்பட்டு, தப்ப வழியே இல்லையென்றால் குப்புறத் திரும்பி, தலையை முன்னால் வைத்து வேகமாக நீந்திக் கிளையின் மேல் ஏறிப் படுக்கப் பார்க்க வேண்டும். கால் முன்னால் போனால் அடியில் செருகிவிடும்.

தடுப்பணையைப் பற்றி ஒரே வரி: தாண்டாதீர்கள். மேலிருந்து பார்த்தால் ஆறு ஒரு நேர்கோட்டில் முடிந்துபோவது போலத் தெரியும், அப்பால் மரங்களின் மேல்பாதி மட்டும் தெரியும். உயரம் அரை ஆள்கூட இருக்காது. ஆனால் கீழே விழும் தண்ணீர் சுழன்று சுவரை நோக்கியே திரும்பி வரும், விழுந்தவரை வெளியே விடாது. அந்த நேர்கோட்டைக் கண்டதும், நன்றாக முன்னாலேயே, கரையேறிப் படகைச் சுமந்து கடந்துவிடுங்கள். ஒரே வரி என்றேன், இத்தனை வரியாகிவிட்டது. பரவாயில்லை.

நடுப்பகல்

சாப்பிட நிறுத்த உட்வளைவுத் திட்டு நல்ல இடம், நிழல் இருந்தால் இன்னும் நல்லது. மணல் திட்டுகளில் தரையிலேயே முட்டையிடும் பறவைகள் உண்டு. நீங்கள் இறங்கியதும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் அடுத்த திட்டுக்குப் போய்விடுங்கள். படகுகளை முழுதும் மேலே இழுத்துப் போடுங்கள். பாதி இழுத்து வைத்த படகு ஒன்று எங்களைவிட்டு அமைதியாகப் புறப்பட்டுப் போய், நெட்டையன் கையில் சோற்றுப் பாத்திரத்தோடு தண்ணீரில் ஓடியது உண்டு.

ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் குடிநீர். தண்ணீரின் நடுவிலேயே இருப்பதால் தாகம் தெரியாது, மாலையில் தலைவலியாகத் தெரியும். வெயில் மேலிருந்தும் வரும், நீரில் பட்டுக் கீழிருந்தும் வரும். தொப்பி போட்டும் எனக்கு மோவாய்க்கு அடியில் வெந்துபோனது, அங்கேயும் களிம்பு தடவுங்கள். மது கரையேறிய பிறகு. தூண்டில் போடுகிறவர்களைக் கண்டால் பேச்சைக் குறைத்து, அவர்கள் நூலுக்கு எட்டாத தூரத்தில் ஒதுங்கிப் போங்கள். அவர்களிடம் கேட்டால் கீழே தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள், எங்கள் நோட்டைவிட அவர்கள் வாக்கு நம்பகமானது.

கரையேறிய பிறகு

கிளையில் கட்டிய துணி தெரிந்ததும் எல்லோருக்கும் வேகம் வந்துவிடும். அந்தக் கடைசி ஐம்பது மீட்டரில்தான் கவனம் சிதறி, கவிழ்கிறவர்கள் கவிழ்வார்கள். படகை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, முன்நுனி மேல்நோக்கிப் பார்க்கும்படி ஓரம் கட்டுங்கள், அப்போது தண்ணீரே வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும். உட்காரும்போது செய்ததைத் தலைகீழாகச் செய்யுங்கள்: காலை வெளியே ஊன்றி, பிறகு எழுந்திருப்பது. ஐந்தாறு மணி நேரம் மடங்கிக் கிடந்த கால் மரத்துப்போயிருக்கும், யாராவது படகைப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஒரு படகு 20 கிலோவுக்கு மேல் இருக்கும். நனைந்து களைத்த உடம்போடு தனியாகத் தூக்காதீர்கள். வண்டியில் ஏற்றும் முன் கவிழ்த்து நீரை வடியுங்கள், ஒட்டியிருக்கும் பாசியையும் சேற்றையும் அங்கேயே துடையுங்கள், ஒரு ஆற்றின் பாசியும் நத்தையும் இன்னோர் ஆற்றுக்குப் போகக் கூடாது. துடுப்பு எண்ணுங்கள், ஜாக்கெட் எண்ணுங்கள், ஆள் எண்ணுங்கள். வரிசை எப்படியும் இருக்கலாம்.

காலையில் புறப்படும்போது, ஆற்றுக்கு வராத ஒருவரிடம் எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்று சொல்லியிருப்பீர்கள் அல்லவா, அவருக்குக் கரையேறிய உடனே சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். என் அக்கா அதற்குள் எங்கள் ஆறு பேர் வீட்டுக்கும் போன் செய்து முடித்திருந்தாள். இப்போதெல்லாம் கடைசி வாரை இறுக்குவதற்கு முன்பே வாத்தியார் போனைப் பையிலிருந்து எடுத்து, துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார்.